மார்கழிக்கு டெல்டா வருகிற ரிட்டயர்டு ஆட்களுக்கு

மார்கழி பிறந்ததிலிருந்து காணும் பொங்கல் வரை கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் ஒரு மாதம் தங்கலாம் என்று யோசிக்கிறீர்களா? முதலில் அந்தக் கோயில் லிஸ்டைக் கிழித்துப் போடுங்கள். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் இரண்டே நாளில் காரில் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தவன் சொல்கிறேன். வாரத்துக்கு இரண்டு தடவை வெளியே போனால் போதும்.

தங்க இடம்: முதியோர் குடியிருப்புகளில் மாத வாடகைக்கு விடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அக்ரஹாரத்துப் பழைய வீடு போட்டோவில் கண்ணைப் பறிக்கும், நேரில் போனால் கழிப்பறை கொல்லைக் கோடியில் இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வெஸ்டர்ன் டாய்லெட் உள்ளேயே இருக்கிறதா, மழை பெய்தால் தெருவில் தண்ணீர் நிற்குமா, ராத்திரி ஏதாவது ஒன்று என்றால் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும், இந்த மூன்றையும் கேட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் கடைசி வரைக்கும் கூட எட்டிப் பார்க்கும்.

ரயில் டிக்கெட் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியலில் கும்பகோணம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020லேயே நிறுத்திவிட்டார்கள், ஆனாலும் புக் செய்யும்போது வயதைச் சரியாகப் போட்டு கீழ் பெர்த் கேளுங்கள்.

டெல்லி, பெங்களூர்க் குளிரில் இருந்தவர்களுக்கு இது குளிரே இல்லை, ராத்திரியில் 20, 21 டிகிரி இருக்கும். ஆனால் விடியற்காலைப் பனி வேறு சங்கதி. மப்ளர் கட்டிக்கொள்ளாமல் திருப்பாவைக்குக் கிளம்பி, மார்கழி 27ல் கூடாரவல்லி வருவதற்குள் இருமலோடு படுத்தவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன். கோலத்தில் சாணி உருண்டை மேல் பூசணிப்பூ வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடந்து, கோயிலில் தொன்னை வெண்பொங்கல் வாங்கிச் சாப்பிட்டு, திரும்பி வந்து பித்தளை டபராவில் டிகிரி காபி. இதற்கு மேல் காலையில் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர்கள் அக்காரவடிசலை ஒரு ஸ்பூனோடு நிறுத்துங்கள் என்று சொல்லலாம், நானே நிறுத்துவதில்லை.

படித்துறை விஷயம் கொஞ்சம் விளையாட்டில்லை. மேல்படி காய்ந்திருக்கும், தண்ணீர் தொடும் படியில் கரும்பச்சைப் பாசி கண்ணாடி மாதிரி. போன வருஷம் கால் நனைக்கலாம் என்று ஒரே ஒரு படி கூட இறங்கினேன், அப்படியே உட்கார்ந்தவாக்கில் மூன்று படி போய்விட்டேன். எலும்பு தப்பியது, வேட்டிதான் போயிற்று. செருப்பைக் கழற்றுங்கள், யார் கையையாவது பிடித்துக்கொள்ளுங்கள், மேல்படியோடு நில்லுங்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு வைகுண்ட ஏகாதசி அன்று போகவே வேண்டாம், அந்தத் தள்ளுமுள்ளு நம் வயதுக்கு ஆகாது. அதற்கப்புறம் வரும் இராப்பத்து என்கிற பத்து நாள் உற்சவத்திலும் பெரும்பாலான நாட்களில் சொர்க்கவாசல் திறப்பார்கள், நாளும் நேரமும் விசாரித்துக்கொண்டு போங்கள். திருவையாறு தியாகராஜர் ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், அதாவது புஷ்ய மாதத் தேய்பிறை ஐந்தாம் நாளில், சில வருஷம் பொங்கலுக்கு முன்னாலேயே வந்துவிடும். பஞ்சமியன்று பஞ்சரத்தினக் கீர்த்தனை கேட்க உட்கார இடம் கிடைக்காது, தரையில் சம்மணமிட முடியாதவர்கள் முந்தின நாள் கச்சேரிக்கே போய்விடலாம்.

பொங்கலன்று குடியிருப்பில் வீட்டுக்கொரு குக்கர் வைக்காதீர்கள். எல்லாரும் சேர்ந்து வாசலில் ஒரே பானை, புது அரிசி, கழுத்தில் மஞ்சள் கொத்து. பிள்ளைகள் அமெரிக்காவிலிருந்து வர முடியாமல் போனவர்கள், துணையை இழந்து தனியாக இருப்பவர்கள் எல்லாம் அன்றைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிடுவார்கள். நீங்களாகப் போய்க் கூப்பிட்டு, அரிசி போடும் முதல் கையை அவர்கள் கையாக வையுங்கள். சாஸ்திரம் பேச ஒருவர் வருவார், அவருக்கு ஒரு கரும்புத் துண்டைக் கொடுத்து உட்கார வைத்துவிடலாம்.

மறுநாள் மாட்டுப் பொங்கலுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி, பழ அலங்காரம். பார்த்துவிட்டு உடனே ஊர் திரும்பாதீர்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்கக்கூட இடம் இருக்காது. காணும் பொங்கல் முடிந்து நாலு நாள் கழித்து டிக்கெட் போடுங்கள்.