மதுரை விக்கி சந்திப்புல கணக்கு தொடங்குற சிக்கல், நாங்க சரிபண்ண விதம்

மதுரையில தமிழ் விக்கிப்பீடியா சந்திப்பு நடத்தப் போறவங்க இதை முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கங்க. புதுசா வந்த காலேஜ் பசங்க எல்லாரும் ஒரே வைஃபைல உக்காந்து கணக்கு தொடங்க ஆரம்பிச்சாங்க, முதல் ஆறு பேருக்கு ஓகே, அதுக்கப்புறம் எல்லாருக்கும் எரர், "அண்ணே எனக்கு வரமாட்டேங்குது"ன்னு ஒரே சத்தம். ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தோம், ம்ஹூம். ஒரு ஐபி முகவரியில (நெட் இணைப்போட அடையாள எண், ஒரே வைஃபைல இருக்குற எல்லாருக்கும் ஒண்ணுதான்) இருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குதான் தொடங்க முடியும், ஸ்பேம் ஆளுங்களைத் தடுக்க வச்ச ரூல்.

அன்னைக்கு மொபைல் டேட்டாவுக்கு மாறச் சொல்லி சமாளிச்சோம், ஆனா அதுவும் கியாரண்டி கிடையாது, ஒரே ஐபியை பல பேரு ஷேர் பண்றதால சிலருக்கு அங்கயும் கோட்டா காலியாயிருக்கும். மிச்சப் பேருக்கு விக்கிப்பீடியா நிர்வாகி ஒருத்தர் தன்னோட லாகின்ல இருந்தே தொடங்கிக் குடுத்தாரு, நிர்வாகிகளுக்கு இந்த லிமிட் கிடையாது. இப்பல்லாம் வாட்ஸப் அழைப்புலயே "வீட்லயே கணக்கு தொடங்கிட்டு வாங்கப்பா"ன்னு போட்டுடுறேன். பெரிய கூட்டம்னா தேதி, ஐபி, எத்தன பேருன்னு எழுதி ஃபேப்ரிக்கேட்டர்ல (விக்கிமீடியாவோட தொழில்நுட்பக் கோரிக்கைத் தளம்) முன்கூட்டியே கேட்டா அன்னைக்கு மட்டும் லிமிட்டை ஏத்திக் குடுப்பாங்க.

அப்புறம் தேதி. முகூர்த்த ஞாயிறு, சித்திரைத் திருவிழா சமயம்னா ஒருத்தனும் வரமாட்டான் (நானே வரமாட்டேன்). கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போட்டோ எடுக்கப் போறதா இருந்தா வெயிலுக்கு முன்னாடி ஏறிடுங்க, படத்தை காமன்ஸ்ல (விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேத்து வைக்கிற தளம்) ஏத்துற வேலைய இறங்கி வந்து ஆலமரத்தடியில வச்சுக்கலாம்.