பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஸ்டேஜ்?" என்பதுதான். அடுத்து, "எங்க தெருவுல ஒருத்தருக்கும் இதேதான், ஆறு கீமோ போட்டாங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். தயவுசெய்து அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். ஒரே உறுப்பில் வரும் புற்றுநோயிலேயே பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. உங்கள் ஆளுக்கு எது வந்திருக்கிறது என்று சொல்வது பயாப்சி ரிப்போர்ட், அதாவது கட்டியிலிருந்து சின்னச் சதைத் துண்டை எடுத்துச் சோதித்த முடிவு, அதனால் அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்று பயந்து பயாப்சியையே தள்ளிப்போடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். மார்பகக் கட்டி, வாய்ப்புண் போன்றவற்றில் அந்தப் பயம் தேவையே இல்லை, தள்ளிப்போடும் மாதங்கள்தான் ஆபத்து.

ரிப்போர்ட்டில் முதலில் நோயின் பெயரைத் தேடுங்கள். கார்சினோமா என்றிருந்தால் தோலிலோ உறுப்புகளின் உள்படலத்திலோ சுரப்பியிலோ தொடங்கியது, பெரும்பாலான புற்றுநோய்கள் இந்த வகைதான். சார்கோமா எலும்பு, தசை, கொழுப்பில் வருவது. லிம்போமா கழுத்து, அக்குள் போன்ற இடங்களில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில், அதாவது நெறிகளில், லுக்கீமியா இரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும். அப்புறம் ஒன்று, மார்பகத்தில் தொடங்கி நுரையீரலுக்குப் போனாலும் அதற்குப் பெயர் மார்பகப் புற்றுநோய்தான், மருந்தும் அதற்கானதுதான்.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட் ஒன்றையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சிகிச்சை எப்படி முடிவாகிறது என்பது இதில் நன்றாகப் புரியும். "இன்வேசிவ் டக்டல் கார்சினோமா, கிரேடு 2, ஈஆர் பாசிட்டிவ், பிஆர் பாசிட்டிவ், ஹெர்2 2+" என்று இருக்கிறது என்று வையுங்கள். பால் குழாயில் தொடங்கி அதன் சுவரைத் தாண்டி வெளியே வந்திருக்கிறது என்பது முதல் இரண்டு சொற்களின் பொருள். கிரேடு என்பது ஸ்டேஜ் இல்லை, இதைக் குழப்பிக்கொண்டு அழுகிறவர்கள் நிறைய. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது செல்கள் எவ்வளவு மாறிப்போயிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதுதான் கிரேடு, 1 முதல் 3 வரை. ஸ்டேஜ் என்பது கட்டியின் அளவு, அக்குள் நெறிக்குப் போயிருக்கிறதா, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்ற கணக்கு, அதற்கு ஸ்கேனும் பார்த்தாக வேண்டும்.

ஈஆர், பிஆர் பாசிட்டிவ் என்றால் பெண் ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி போடுகிறது, அதைத் தடுக்க மாத்திரை இருக்கிறது. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குப் பெரும்பாலும் டமாக்ஸிஃபென், நின்றவர்களுக்கு லெட்ரோசோல் அல்லது அனாஸ்ட்ரோசோல், குறைந்தது 5 வருடம், சிலருக்கு 10 வரை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று இரண்டு வருடத்தில் நிறுத்திவிடுவது நடக்கிறது, அப்படி நிறுத்தவே கூடாது. பக்கவிளைவு தொந்தரவு செய்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு.

ஹெர்2 என்பது புற்றுச் செல்களை வேகமாக வளரவைக்கும் ஒரு புரதம். அது 0 அல்லது 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று இருந்தால் முடிவு இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம், ஃபிஷ் என்ற டெஸ்ட் செய்தால்தான் தெரியும், அது செய்தாயிற்றா என்று நீங்களே கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுஸுமாப் ஊசி சேரும், வழக்கமாக ஒரு வருடம், இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இடையிடையே எக்கோ எடுப்பார்கள். மூன்றுமே நெகட்டிவ் என்றால் ஹார்மோன் மாத்திரைக்கும் இந்த ஊசிக்கும் வேலை இல்லை, கீமோதான் முக்கியம்.

ஆபரேஷனுக்கு முன்பே கீமோ போடலாம் என்று டாக்டர் சொன்னால் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். கட்டி சுருங்கினால் மார்பகத்தை முழுதாக எடுக்காமல் தப்பிக்க வாய்ப்பு உண்டு, மருந்து வேலை செய்கிறதா என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும். மறுபக்கம், சின்னக் கட்டி, நெறி சுத்தம், ஹார்மோன் பாசிட்டிவ் என்றால் கீமோவே தேவைப்படாதவர்களும் உண்டு, அதையும் வாய்விட்டுக் கேளுங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்ப் புற்றுநோயில் பெரும்பாலும் ஆபரேஷன்தான் முதலில், தேவைப்பட்டால் பிறகு ரேடியேஷன். கர்ப்பப்பை வாயில் சற்று முற்றிய நிலை என்றால் ஆபரேஷன் இல்லாமலே ரேடியேஷனும் வாராவாரம் கீமோவும் சேர்த்துக் கொடுத்து, உள்ளே கருவி வைத்தும் கதிர் கொடுப்பார்கள். சிஎம்எல் என்ற நாள்பட்ட இரத்தப் புற்றுநோயில் இமாடினிப் மாத்திரையைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஏராளம்.

கீமோ நடக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்க வேண்டும். மருந்து ஏறிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும், அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள், நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், கீமோ போட்டிருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள். ரேடியேஷனுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்காது, அன்றைக்கே பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம். தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்தவர்கள் மட்டும் சில நாள் குழந்தைகளிடமிருந்தும் கர்ப்பிணிகளிடமிருந்தும் தள்ளி இருக்க வேண்டும்.

இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்கப் போனால் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, பயாப்சி செய்த லேபில் எழுதிக் கொடுத்து ஸ்லைடுகளையும் மெழுகுக் கட்டியில் வைத்திருக்கும் சதைத் துண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள், அதை பிளாக் என்பார்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதை விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும். தமிழ்நாட்டில் இருந்தால், 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தால் அட்மிஷன் போடுவதற்கு முன்பே காப்பீட்டு கவுன்ட்டரில் காட்டிவிடுங்கள், அனுமதி வந்த பிறகுதான் திட்டத்தின் கீழ் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.