எந்த ஆட்டத்துக்கு எழுதிய புத்தகம்? போக்கர் நூல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை ராத்திரி சீட்டு உண்டு. வேலூர் வெயிலுக்குத் தரைச்சூடு ஆறவே எட்டு மணி ஆகிவிடும், அப்புறம் பாயை விரித்தால் பன்னிரண்டு வரைக்கும் போகும். முதலில் ரம்மிதான் ஆடிக்கொண்டிருந்தோம். பெங்களூரில் வேலை பார்க்கும் மச்சான் ஒரு தடவை வந்து டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான், அன்றிலிருந்து ரம்மியை யாரும் சீண்டுவதில்லை. காசு கிடையாது, புளியங்கொட்டைதான் பந்தயம், ஆளுக்கு நூறு. (எண்ணி வைக்கும் வேலை எப்போதும் என் தலையில்.)

தொடர்ந்து தோற்றதில் ரோஷம் வந்து, போக்கருக்குச் சிறந்த புத்தகம் எது என்று தேடி, பட்டியலில் மேலே இருந்த ஒன்றை வாங்கி, ஒரு மாதம் கருத்தாகப் படித்து, முன்பைவிட வேகமாகத் தோற்றேன். புத்தகத்தில் ஒரு தப்பும் இல்லை. அது நாங்கள் ஆடாத ஓர் ஆட்டத்துக்கு எழுதியது.

பலர் சறுக்கும் இடம் இதுதான். நம் ஊரில் ரம்மி, மூணு சீட்டு, மங்காத்தா எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘சீட்டு’ என்கிறோமே, அது மாதிரிதான் போக்கர் என்ற பெயரும். ஹோல்டமில் கையில் இரண்டு சீட்டு, தரையில் எல்லோருக்கும் பொதுவாக ஒவ்வொன்றாகத் திறக்கும் சீட்டுகள். ஒமாஹாவில் நாலு, அதிலும் சரியாக இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். செவன் கார்ட் ஸ்டட் முற்றிலும் வேறு. இது போதாதென்று லிமிட், நோ லிமிட் என்றெல்லாம் வகைகள். லிமிட்டில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான் பந்தயம் கட்டலாம் என்று வரம்பு இருக்கும், நோ லிமிட்டில் முன்னால் இருப்பது மொத்தத்தையும் தள்ளலாம்.

நான் வாங்கியது ‘ஸ்மால் ஸ்டேக்ஸ் ஹோல்டம்’. எட் மில்லர், டேவிட் ஸ்க்லான்ஸ்கி, மேசன் மால்மத் மூவரும் எழுதி 2004-ல் வந்தது. தலைப்பில் லிமிட் என்ற சொல்லே இல்லை, ஆனால் உள்ளே முழுக்க லிமிட் ஆட்டம். நாங்கள் ஆடுவதோ நோ லிமிட். இதனால் என்ன குடிமுழுகிப் போகிறது என்று கேட்பீர்கள். கொஞ்சம் புளியங்கொட்டையை எண்ணிப் பார்ப்போம்.

ஃப்ளஷ் (ஒரே குறியில் ஐந்து சீட்டு) அடிக்க உங்களுக்கு ஒரு சீட்டு குறைகிறது, இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் திறக்க வேண்டும். கையில் 2, தரையில் 4 தெரிகிறது, மீதி 46. அதில் உங்களுக்கு உதவுவது 9. ஆக, சுமார் 20 சதவீத வாய்ப்பு. நடுவில் 12 கொட்டை கிடக்கிறது. லிமிட் ஆட்டத்தில் எதிராளி 2 கட்டுகிறான், நீங்களும் 2 போட்டால் மொத்தம் 16, அதில் உங்கள் பங்கு எட்டில் ஒன்று. 12.5 சதவீத வாய்ப்பு இருந்தாலே போட்டது வீணில்லை, உங்களிடம் 20 இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அதே இடத்தில் நோ லிமிட்டில் அவன் 12 கட்டுகிறான். நீங்களும் 12 போட்டால் மொத்தம் 36, மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, 33 சதவீதம் இல்லாமல் கட்டுப்படியாகாது. சீட்டு அதேதான், ஒரு புத்தகத்துக்குச் சரியான ஆட்டம் இன்னொன்றுக்குப் படுமுட்டாள்தனம். நான் அந்த 20 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு மாதம் எல்லோருக்கும் புளியங்கொட்டை சப்ளை செய்தேன்.

இதே குழப்பத்தின் இன்னொரு முகம், டோர்னமென்ட் புத்தகத்தைச் சாதாரண ஆட்டத்துக்கு வைத்துக்கொள்வது. டான் ஹாரிங்டன், பில் ராபர்ட்டியோடு சேர்ந்து 2004 முதல் 2006 வரை மூன்று பாகமாக எழுதிய ‘ஹாரிங்டன் ஆன் ஹோல்டம்’ டோர்னமென்ட்டுக்கானது. மனுஷர் 1995-ல் போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தவர், 2003-ல் மூன்றாவது, 2004-ல் நான்காவது, சொல்லும் தகுதி இருக்கிறது. ஒரு சுற்றுக்கு வந்தே தீரும் செலவால் உங்கள் கையிருப்பை வகுத்துப் பார், அது குறையக் குறையத் துணிந்து ஆடு என்கிறார். போட்டியில் அது சரி, தீர்ந்தால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டும், பிளைண்ட் என்னும் அந்தக் கட்டாயச் செலவும் ஏறிக்கொண்டே இருக்கும். மாடியில் தீர்ந்தால் அம்மாவிடம் இன்னொரு கை புளியங்கொட்டை வாங்கிக்கொள்ளலாம், அங்கே எதற்கு அந்த அவசரம்? சாதாரண ஆட்டத்துக்கு என்று அவரே பின்னால் தனியாக இரண்டு பாகம் எழுதியிருக்கிறார்.

அடுத்தது வருஷம். இங்கே இரண்டு பக்கமும் தப்பு செய்கிறார்கள். பழையது எல்லாம் குப்பை என்று ஒதுக்குவது ஒன்று. ஸ்க்லான்ஸ்கியின் ‘த தியரி ஆஃப் போக்கர்’ 1987-லிருந்து அந்தப் பெயரில் இருக்கிறது. எதிராளியின் சீட்டைப் பார்க்க முடிந்திருந்தால் நீங்கள் எப்படி ஆடியிருப்பீர்களோ அப்படி ஆடாத ஒவ்வொரு தடவையும் லாபம் அவனுக்கு என்று அதில் ஒரு விதி வரும். அது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஆனால் டாயில் பிரன்சனின் ‘சூப்பர் சிஸ்டம்’, 1970-களின் கடைசியில் வந்தது, அதை இன்றைய ஆட்டத்துக்குப் பாடமாக வாங்குவது வீண். பாதி அத்தியாயம் இப்போது பெரிதாக யாரும் ஆடாத வகைகள், மீதியில் அவர் சொன்ன அடாவடி ஆட்டத்தை எதிராளிகளும் எப்போதோ படித்துவிட்டார்கள். சரித்திரமாகப் படிக்க அருமையான புத்தகம், அது வேறு விஷயம். யோசனை பழசாவதில்லை, எந்தச் சீட்டுக்கு எவ்வளவு கட்டு என்ற பட்டியல்தான் பழசாகும்.

இன்னொரு தப்பு, புதிதாகவும் கடினமாகவும் இருந்தால் நல்லது என்று நினைப்பது. காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், “மாமா, கணக்கெல்லாம் எனக்கு ஜுஜுபி” என்று சொல்லி ‘த மேத்தமேடிக்ஸ் ஆஃப் போக்கர்’ வாங்கினான். பில் சென், ஜெரோட் அங்கன்மேன் எழுதி 2006-ல் வந்தது. நல்ல புத்தகம்தான், ஆனால் சீட்டையே விட்டுவிட்டு 0-க்கும் 1-க்கும் இடையில் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஆடும் பொம்மை ஆட்டங்களாகப் போய்க்கொண்டிருக்கும். அறுபதாம் பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட் இன்னும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் ஜிடிஓ (எதிராளியால் ஏமாற்ற முடியாதபடி கணக்குப்படி ஆடுவது) மோகம் பிடித்தது, சால்வர் என்னும் கணினி நிரல் கண்டுபிடித்த விடைகளை வைத்து எழுதும் நூல்கள். மைக்கேல் அசெவெடோவின் ‘மாடர்ன் போக்கர் தியரி’, 2019, அந்த வகை.

அதில் உள்ள சிக்கல் புத்தகத்தின் சிக்கல் இல்லை, எங்கள் மாடியின் சிக்கல். சால்வர், எதிராளியும் தப்பே செய்யாமல் ஆடுவான் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் சீட்டைக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை, “என்னதான் வெச்சிருக்கேன்னு பாத்துடலாம்பா” என்று கடைசி வரை வந்துவிடுவார். 12 கிடக்கும் இடத்தில் ஒன்றுமில்லாத சீட்டோடு 12 கட்டிப் பொய் சொன்னால், பாதிக்கு மேற்பட்ட தடவை எதிராளி பயந்து ஓடினால்தான் லாபம். பத்தில் ஒரு தடவைகூட ஓடாதவரிடம் போய் அந்தப் பொய்யைச் சொன்னான் அக்கா மகன். ஒரே ராத்திரியில் நூறும் காலி.

கதைப் புத்தகத்தைப் பாடப் புத்தகம் என்று வாங்குவதும் நடக்கிறது. மரியா கொன்னிகோவாவின் ‘த பிக்கஸ்ட் பிளஃப்’ (2020) ஒரு உளவியல்காரர் போக்கர் ஆட்டக்காரர் எரிக் சைடலிடம் ஆட்டம் கற்ற அனுபவம். அன்னி டியூக்கின் ‘திங்கிங் இன் பெட்ஸ்’ (2018) முடிவெடுப்பது பற்றியது, எழுதியவர் போக்கர்காரர், அவ்வளவுதான். இரண்டையும் படியுங்கள், ஆனால் படித்துவிட்டு சனிக்கிழமை ஜெயிப்பேன் என்று வராதீர்கள்.

ஜெயித்த பணத்தைப் பார்த்து ஆசிரியரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். போட்டிப் பரிசு என்று போடும் தொகையில் நுழைவுக் கட்டணம் கழித்திருக்காது, நூறு போட்டியில் கட்டி இரண்டில் ஜெயித்தவருக்கும் பெரிய தொகைதான் தெரியும். நன்றாக ஆடுகிறவருக்கு நன்றாகச் சொல்லவும் வரும் என்பதும் இல்லை.

ஜெராக்ஸ் பிரதி, கள்ள பிடிஎஃப் இரண்டும் வேண்டாம். தர்மம் ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்குக் கிடைத்த ஒரு பிரதியில் இஸ்பேடு, ஆட்டின் குறிகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டமாக இருந்தது. ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள், அந்தப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொண்டேன்.

புத்தகச் செலவை ஆன்லைனில் ஆடி எடுத்துவிடலாம் என்ற கணக்கும் வேண்டாம். காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் இயற்றிவிட்டது.

இப்போது நான் வாங்கும் முன் முன்னுரையையும் நடுவில் ஏதாவது பத்துப் பக்கத்தையும் படித்துப் பார்க்கிறேன். எந்த ஆட்டம், லிமிட்டா இல்லையா, போட்டியா சும்மாவா என்பது முன்னுரையிலேயே தெரிந்துவிடும். நடுப்பக்கத்தில், இந்தச் சீட்டு வந்தால் இதைச் செய் என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுவேன், ஏன் என்று கணக்கோடு சொல்லியிருந்தால் எடுப்பேன். ஹாரிங்டன் மாதிரி ஓர் ஆட்டத்தைக் காட்டி நடுவில் நிறுத்தி, நீ என்ன செய்வாய் என்று கேட்டு அப்புறம் விடை சொன்னால் இன்னும் நல்லது, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு படிக்கலாம். ஒன்றை முடிக்காமல் அடுத்ததை வாங்குவதில்லை.

அந்த லிமிட் புத்தகம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. வேலூர் பக்கம் லிமிட் ஆட நாலு பேர் சேர்ந்தால் சொல்லுங்கள், புளியங்கொட்டையோடு வருகிறேன்.