மாமன் கொடுத்த தட்டணுக்கள்

சென்ற மாதம், எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர், ரத்தப் புற்றுநோய் மீண்டும் தலைகாட்டியிருந்த ஒரு சிறுமியின் தந்தையிடம், "உங்க குரூப்பும் பாப்பா குரூப்பும் ஒண்ணுதான், நீங்களே குடுத்துருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன அதே வாக்கியம். ரத்தப் புற்றுநோய்க் குழந்தைக்கு ரத்த உறவினரின் ரத்தத்தை ஏன் ஏற்றக்கூடாது என்பதையும், அவர்களின் சிகிச்சையில் பலரும் கவனிக்காமல் விடும் வேறு சிலவற்றையும் அதனால்தான் எழுதுகிறேன். கை கழுவுவதையும் முகக்கவசத்தையும் பற்றி எழுதப் போவதில்லை; அவை சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கின்றன.

உறவினரின் ரத்தம்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வந்திருந்த, ரத்தப் புற்றுநோய் கண்ட எட்டு வயதுச் சிறுவனுக்கு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எட்டாயிரத்துக்கு இறங்கி, ஈறுகளில் ரத்தம் கசிந்துகொண்டிருந்த ஓர் இரவில், அவனுடைய தாய்மாமன் பைக்கில் வந்து இறங்கினார். "எக்கா மவனுக்கு நான் குடுக்காம பின்ன யாரு குடுப்பா, சிஸ்டர்?" என்றார். நம் ஊரில் மொட்டை போடுவதற்கும் காது குத்துவதற்கும் மடி கொடுக்கும் மாமன், ரத்தம் கொடுக்க வந்து நிற்கும்போது வேண்டாம் என்று யாருக்குச் சொல்லத் தோன்றும்? நானே முன்னின்று ஏற்பாடு செய்தேன். அடுத்த சில வாரங்களில் அவரே மேலும் மூன்று முறை கொடுத்தார்.

நோய் திரும்பியபின் ஸ்டெம் செல் மாற்றுதான், அதாவது ரத்தத்தை உருவாக்கும் மூலச்செல்களை இன்னொருவரிடமிருந்து பெற்று ஏற்றுவதுதான், வழி என்றானது. இதற்குப் பார்ப்பது ரத்த குரூப்பை அல்ல, செல்களின் மேலுள்ள திசுப் பொருத்த அடையாளங்களை. உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றுதான்; அவனுடைய ஒரே தங்கை பொருந்தவில்லை. பெற்றோர் எப்போதும் பாதி பொருந்துவார்கள் என்றாலும், இருவருமே வேறு மருத்துவக் காரணங்களால் கொடையாளராக முடியவில்லை. பாதிப் பொருத்தத்துடன் மிஞ்சியவர் அந்த மாமன்தான். ஆனால், அவருடைய செல்களுக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் சிறுவனின் ரத்தத்தில் முன்பே உருவாகியிருப்பதைப் பரிசோதனை காட்டியது. தட்டணுக்களின் மேற்பரப்பிலும் அந்தத் திசுப் பொருத்த அடையாளங்கள் உண்டு. மாமனுக்கும் மருமகனுக்கும் பொதுவாக இல்லாத மறுபாதியை அவன் உடல் எதிரியாகப் பதிவு செய்துகொண்டுவிட்டது. அந்நிலையில் மாற்றினால் புதிய செல்கள் வேர்பிடிக்காமல் போகலாம். வேறு யாருடைய ரத்தத்தாலும் இது நேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் எனக்கு ஆறுதல் சொன்னார், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பைகளை வரிசையாக ஏற்றியது என் கைதான். எதிர்ப்புரதத்தைக் குறைக்கும் சிகிச்சைக்காக ஐந்து வாரங்கள் கழிந்தன. அந்த ஐந்து வாரமும் நோய் மறுபடி எழுந்துவிடுமோ என்று காத்திருந்தோம். சிறுவன் பிழைத்துக்கொண்டான். எனக்கு எரிச்சல் இன்னும் தணியவில்லை.

இதைவிடக் கொடியது இன்னொன்று. நெருங்கிய உறவினரின் ரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியமென்று அடையாளம் காணாமல் விட்டுவிட்டால், அவை உள்ளே பெருகிக் குழந்தையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் மஜ்ஜையையும் தாக்கும். அரிதாகவே நேரும், நேர்ந்தால் பெரும்பாலும் உயிர் மிஞ்சுவதில்லை. சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நம் பக்கத்தில் இந்த ஆபத்து கூடுதல். வெள்ளையணு வடிகட்டி மட்டும் இதைத் தடுக்காது. 25 கிரே அளவு கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பையே பாதுகாப்பானது.

எனவே, மாமனும் சித்தப்பாவும் தாராளமாக ரத்த வங்கிக்குக் கொடுக்கட்டும். குழந்தைக்கு வேறொருவருடைய பை வரட்டும். கோரிக்கைப் படிவத்தில் "ரத்த உறவினரின் பை வேண்டாம், கதிர்வீச்சு செய்தது வேண்டும்" என்று பேனாவால் எழுதுங்கள். வாயால் சொன்னது இரவுப் பணியாளருக்குப் போய்ச் சேராது.

முதுகுத்தண்டு

மஜ்ஜை கொடுத்தால் முதுகுத்தண்டில் குத்துவார்கள் என்று பயப்பட வேண்டாம்; கொடையாளரின் முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. மஜ்ஜை எடுப்பது இடுப்பெலும்பில்.

சேமித்து வைத்த தொப்புள்கொடி

தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமித்த தொப்புள்கொடி ரத்தம் இருக்கிறதே என்று பெற்றோர் நிம்மதியாக இருப்பதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கும். குழந்தைப்பருவ ரத்தப் புற்றுநோயின் முதல் மரபணுப் பிழை பல நேரங்களில் பிறப்பதற்கு முன்பே தோன்றிவிடுகிறது; அதே பிழை அந்தச் சேமிப்பிலும் இருக்கக்கூடும். உடன்பிறந்தவர் பொருந்தாவிட்டால், 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்களில் தேடச் சொல்லுங்கள்.

பம்பளிமாஸ்

மாற்றுக்குப்பின் உடலின் எதிர்ப்புச் சக்தியை அடக்கத் தரும் சைக்ளோஸ்போரின் மருந்தை உட்கொள்ளும் காலம் முழுவதும் இந்தப் பழத்தைத் தொடவே கூடாது. நாட்டு மருந்தும் அப்படியே.

சொட்டு மருந்து

மாற்று முடிந்த குழந்தையின் தம்பி தங்கைக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்குமுன் மாற்று மருத்துவரைக் கேளுங்கள். அதிலுள்ள உயிருள்ள வைரஸ் மலத்தின் வழியே வெளியேறி வீட்டில் பரவும். அதற்குப் பதில் ஊசி மருந்து உண்டு.

காய்ச்சலும் ரயிலும்

மாற்று முடிந்து ஊர் திரும்பிய குழந்தைக்கு இரவில் காய்ச்சல் கண்டால், சிகிச்சை அளித்த இடத்துக்கே போகவேண்டும் என்று நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் தேடுகிறார்கள். 100.4 டிகிரியைத் தொட்டுவிட்டால், எழும்பூர் போய்ச் சேரும்வரை காத்திருக்க நேரமில்லை. அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு, திருநெல்வேலி பக்கம் என்றால் ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கே, டிஸ்சார்ஜ் சுருக்கத்துடன் உடனே சென்று, ஆண்டிபயாடிக்கின் முதல் டோஸை ரத்தக்குழாய் வழியே ஏற்றச் செய்யுங்கள். சென்னைக்கு அங்கிருந்தே போன் செய்யலாம்.