பழைய கல்யாணக் கேசட்டை ஸ்டூடியோ டெக்கில் ஓட்டும் முறை

கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் மூடப்பட்ட வீடியோ ஸ்டூடியோக்களிலிருந்து எப்போதாவது விலைக்கு வரும் எஸ்-விஎச்எஸ் எடிட்டிங் டெக் (வீடியோ கேசட்டை ஓட்டித் தொகுக்கும் ஸ்டூடியோ கருவி), பரணில் கிடக்கும் கல்யாணக் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு வீட்டு விசிஆரைவிட மிகவும் ஏற்றது. 1976-இல் வந்த விஎச்எஸ், 1987-இல் வந்த அதன் மேம்பட்ட வடிவமான எஸ்-விஎச்எஸ் ஆகிய இரண்டையும் அது ஓட்டும். முக்கால் அங்குல நாடா கொண்ட யு-மேட்டிக் என்ற வேறு வகைக் கேசட் அதற்குள் நுழையாது.

டெக்கைத் தொடுமுன் கேசட்டைப் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையை ஆண்டுதோறும் கண்ட நாடாவில் பூஞ்சை பிடித்திருப்பது இங்கே சாதாரணம். கேசட்டின் சன்னல் வழியே பார்க்கும்போது, நாடாச் சுருளின்மேல் விபூதி தூவியதுபோல் வெண்மை தெரிந்தால் அதை உள்ளே போடக் கூடாது. அவசரத்தில் அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட்ட நல்ல கேசட்டிலும் வெறும் புள்ளிமழையைப் பார்த்தவன் நான். நாடாவைப் படிக்கும் நுண்முனையான ஹெட் அடைத்துக்கொண்டால், மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோல் துண்டை, ஹெட் பொருத்திய உருளையான டிரம்மின்மேல் அசையாமல் வைத்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட்டின் முனை உடைந்துவிடும். பஞ்சு வேண்டாம், இழை சிக்கும்.

ஈரத்தை உணர்த்தும் விளக்கு எரிந்தால் டெக் ஓட மறுக்கும். அது பழுதன்று, அணையும்வரை காத்திருந்தால் போதும்.

நல்ல கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு பிளே செய்யவும். ஹெட் நாடாவின் தடத்தை எவ்வளவு சரியாகப் பின்தொடர்கிறது என்று காட்டும் டிராக்கிங் மீட்டர் உள்ள டெக்கில், முள் மிக உயரும் இடத்தில் டிராக்கிங் குமிழை நிறுத்த வேண்டும். உயர்தர ஒலி பதிவாகும் ஹைஃபை தடத்தில் நாதஸ்வரத்தோடு ஓர் இரைச்சலும் கேட்டால், சுவிட்சை நார்மலுக்கு மாற்றவும். நாடாவின் ஓரத்தில் நேராகப் பதிவான ஒலி சற்று மந்தமானாலும் இரைச்சலின்றி வரும்.

இந்த டெக்குக்குக் காசு கொடுப்பதே, என் கணக்கில், டைம் பேஸ் கரெக்டருக்காகத்தான். எல்லா மாடல்களிலும் அது இராது என்பதால் கேட்டு வாங்க வேண்டும். நாடா ஓடும் வேகத்தின் சிறு தடுமாற்றத்தால் படத்தின் ஒவ்வொரு வரியும் சற்று முன்பின்னாகத் தொடங்கும். பந்தல் வாசலில் கட்டிய வாழைமரம் பாம்புபோல் நெளிவது அதனால்தான். அந்த வரிகளை நினைவகத்தில் வாங்கிச் சீரான இடைவெளியில் வெளியிடுவதே இந்தக் கரெக்டரின் வேலை. சுவிட்சைப் போட்டதும் வாழைமரம் நேராக நிற்பதைக் கண்ணாலேயே காணலாம்.

கணினிக்கு இணைக்கும்போது மஞ்சள் முனை வயரைத் தவிர்த்து, வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகக் கடத்தும் எஸ்-வீடியோ வயரையே பயன்படுத்தவும். நாடாவில் வெளிச்சமும் நிறமும் தனித்தனி அலைவரிசைகளில் பதிவாகியிருப்பதால், அவற்றை ஒன்றாகக் கலந்து மறுபடி பிரிக்கும் வேலை அதில் மிச்சமாகிறது. கேப்சர் மென்பொருளில் இந்தியத் தொலைக்காட்சி முறையான பால் (PAL), நொடிக்கு 25 பிரேம் என்று வைக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கேசட்டை வெளியே எடுத்த பின்னரே டெக்கை அணைக்கவும்.