பெர்ல்ல ஃபைல் பாத் மாத்தும்போது எங்கெல்லாம் கை சுடும்

ஒரு தடவ சர்வர் மாத்தும்போது கான்ஃபிக் ஃபைல்ல இருந்த /டேட்டா/லாக்ங்கற பாத் (ஃபைல் இருக்கற எடம்) எல்லாத்தையும் /டிஸ்க்2/லாக்னு மாத்த வேண்டி வந்துது, நாலு வரி பெர்ல் ப்ரோகிராம்தானேன்னு எழுதி ஓட்டுனேன், ஒரு எர்ரர் கூட வரல. அப்புறம் பாத்தா, தனியா இருந்த /டேட்டா/லாக்-ஓல்டும் சேந்து மாறிக் கெடக்கு. புது டிஸ்க்ல அப்படி ஒரு ஃபோல்டரே இல்ல!

முன்பாதி ஒத்துப்போனா போதும், பெர்ல் அது பாட்டுக்கு மாத்திடும். வார்த்தை எல்லையக் காட்டற \பி (\b) போட்டாலும் இங்க காப்பாத்தாது, ஏன்னா ஹைஃபன் வந்தா வார்த்தை முடிஞ்சுதுன்னுதான் அது எடுத்துக்கும். பேட்டர்ன் (தேடச் சொல்லிக் குடுக்கற வடிவம்) கடைசில (?=/|$) சேத்துட்டா அடுத்து ஸ்லாஷ் வந்தாலோ வரி முடிஞ்சாலோ மட்டும் மாத்தும், பாத்துக்கு அப்புறம் ஸ்பேஸோ கோட்ஸோ வர்ற ஃபைல்னா அதையும் உள்ள சேக்கணும். விண்டோஸ்ல சேவ் பண்ண ஃபைல லினக்ஸ்ல ஓட்டுனீங்கன்னா வரிக் கடைசில \ஆர் (\r)ங்கற கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒண்ணு ஒளிஞ்சிட்டிருக்கும், அப்ப வரி முடிவக் குறிக்கற $ பொருந்தாது, மொதல்ல அத எடுத்துருங்க.

புள்ளியும் இப்படித்தான், பேட்டர்ன்ல அதுக்கு எந்த எழுத்தும் பொருந்தும், வி1.2ன்னு தேடுனா வி1-2வும் மாட்டும். பழைய பாத்த சிங்கிள் கோட்ஸ்ல ஒரு வேரியபிள்ல வச்சு, பேட்டர்ன்ல அதுக்கு முன்னாடி \க்யூ (\Q) பின்னாடி \இ (\E) போடுங்க, புள்ளிய வெறும் புள்ளியாவே எடுத்துக்கும். டபுள் கோட்ஸ்ல சி:\டெம்ப்னு எழுதுனா பேக்ஸ்லாஷும் பக்கத்துல இருக்கற டியும் சேந்து டேப் ஆயிடும், கண்ணுக்கும் தெரியாது. ஸ்லாஷுக்கு ஸ்லாஷ் பேக்ஸ்லாஷ் போட்டு பல்குச்சி அடுக்காதீங்க, மாத்தற கட்டளைய எஸ்{}{}ன்னு (s{}{}) எழுதுனா போதும். ஒரே வரில ரெண்டு பாத் இருந்தா கடைசில ஜி (g) வேணும்.

படிக்கற ஃபைலையே > போட்டு எழுதத் தொறக்கறது அடுத்த கூத்து, தொறந்த நிமிஷமே ஃபைல் காலி. ஃபைல அதே எடத்துல மாத்தற -ஐ (-i) இருக்கும்போது அது எதுக்கு? ஆனா -பிஐஇ (-pie)ன்னு சேத்து மட்டும் அடிக்காதீங்க, ஐக்குப் பின்னாடி ஒட்டி வர்றத பேக்கப் எக்ஸ்டென்ஷன்னு எடுத்துட்டு, உங்க கோட ஃபைல் பேர்னு நெனச்சுத் தேடும். -பி -ஐ.பேக் -இ (-p -i.bak -e)ன்னு பிரிச்சு அடிங்க.

அந்த .பேக் பேக்கப்ப நம்பி ரெண்டாந்தடவ ஓட்டிடாதீங்க, /டேட்டாவ /டேட்டா/புதுசுன்னு மாத்தறவங்களுக்கு /டேட்டா/புதுசு/புதுசுன்னு வந்து நிக்கும், பழைய .பேக் மேலயே புது .பேக் எழுதிடறதால ஒரிஜினலும் போச்சு.