யார் ஓட்டிப் பார்த்தது? அமெரிக்கா போய் இறங்கிய வட சென்னைப் பிள்ளைகள் கார் வாங்கும் முன்

ஆகஸ்ட் பிறந்தால் தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏதாவது ஒரு வீட்டில் ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். படிப்புக்கு அமெரிக்கா, இல்லையென்றால் வேலைக்கு. போய் இரண்டு மாதம் ஆவதற்குள் எனக்கு மெசேஜ் வந்துவிடும்: "அண்ணா, எந்த கார் வாங்கலாம்?" பதினோரு வருடம் டெக்சாஸில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஆனால் ஒரு கார் பெயரைச் சொல்லிவிட்டால் போதாது. எந்த ரிவ்யூவை நம்புவது என்று தெரிந்துகொண்டால் அடுத்த காருக்கும் உதவும்.

இங்கே பஸ் இருக்கிறது, ஷேர் ஆட்டோ இருக்கிறது, விம்கோ நகர் வரை மெட்ரோவே வந்துவிட்டது. அங்கே பல ஊர்களில் பால் வாங்கப் போவதற்கே கார் வேண்டும். அந்த அவசரத்தில்தான் ஏமாறுகிறோம். என் முதல் கார், ஒரு வீடியோவில் ஒருவர் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்ததை நம்பி வாங்கியது. எட்டாவது மாதம் நெடுஞ்சாலையில் கியர்பாக்ஸ் போய்விட்டது. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணம் ரிப்பேருக்குப் போனது. மாதவரத்தில் லாரி மெக்கானிக் ஷெட் வைத்திருந்த சித்தப்பாவுக்கு போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அவர் ஓட்டினது யார் வண்டிப்பா? எத்தனை நாள் ஓட்டினாராம்?" என்று மட்டும் கேட்டார். வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கம்பெனி கொடுத்த புத்தம் புது வண்டி. ஒரே ஒரு நாள்.

அன்றிலிருந்து எந்த ரிவ்யூவைப் பார்த்தாலும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறேன். வண்டி யாருடையது? எத்தனை வருடம் ஓடியது?

இந்தக் கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்வது கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ். 1936இல் தொடங்கிய, லாப நோக்கமில்லாத அமைப்பு. விளம்பரம் வாங்குவதில்லை. சோதனைக்கான கார்களை, தாங்கள் யார் என்று சொல்லாமல், சாதாரண வாடிக்கையாளரைப் போல டீலரிடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், தங்கள் உறுப்பினர்களிடம் "கடந்த 12 மாதத்தில் உங்கள் காரில் என்ன பழுது வந்தது?" என்று கேட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், ஏசி என்று பகுதி பகுதியாக, வருடம் வருடமாகப் பட்டியல் போடுகிறார்கள். பழைய கார் வாங்கும் நமக்கு அந்தப் பட்டியல்தான் வேண்டும். புது மாடலுக்கு அவர்கள் கொடுப்பது, முந்தைய வருடங்களை வைத்துச் சொல்லும் கணிப்பு. அடியோடு மாற்றி வடிவமைத்த மாடலின் முதல் வருட வண்டியைத் தவிர்த்துவிடுங்கள் என்பேன். இதற்குச் சந்தா உண்டு, ஆனால் உடனே கட்டிவிடாதீர்கள். பல ஊர்களில் பொது நூலக அட்டை இருந்தால் இலவசமாகப் படிக்கலாம். அங்கே போய் இறங்கிய வாரத்திலேயே நூலக அட்டை எடுத்துக்கொள்வது நல்லது.

கார் வாங்கியவர்களிடம் கணக்கெடுத்து விருது கொடுக்கும் ஜே.டி. பவர் என்ற நிறுவனத்தின் விருதை விளம்பரத்தில் அடிக்கடி பார்ப்பீர்கள். அந்த விருதை விளம்பரத்தில் காட்ட கார் கம்பெனிகள் காசு கட்டுகின்றன. அதற்காகக் கணக்கெடுப்பு பொய் என்று அர்த்தமில்லை, எது எந்தக் கணக்கு என்று பார்க்க வேண்டும். ஒன்று, வாங்கி 90 நாள் ஆனவர்களிடம் கேட்பது. இன்னொன்று, 3 வருடம் ஓட்டியவர்களிடம் கேட்பது. 100 வண்டிக்கு எத்தனை குறை என்று எண்ணுவார்கள், எண் குறைந்தால் நல்லது. போன் ப்ளூடூத்தில் இணையவில்லை என்பதும் அதில் ஒரு குறையாகச் சேரும். 90 நாள் விருதை வைத்து எட்டு வருடப் பழைய வண்டியை எடை போடக் கூடாது.

ஐந்து நட்சத்திரம் என்றால் நல்ல வண்டி என்று நினைப்பது இன்னொரு குழப்பம். அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்ஹெச்டிஎஸ்ஏ கொடுக்கும் நட்சத்திரம் மோதினால் உயிர் தப்புமா என்பதைச் சொல்வது. அது மிக முக்கியம், ஆனால் கியர்பாக்ஸ் நிற்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை.

பேரை மட்டும் நம்புவதும் நம்மவர்கள் செய்வது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஐகானையும் ஃபிகோவையும் பார்த்து வளர்ந்த பாசத்தில் அங்கேயும் ஃபோர்டைத் தேடுவார்கள். அமெரிக்காவில் 2012 முதல் 2016 வரை வந்த ஃபோகஸ் காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உதறுகிறது, தயங்குகிறது என்று ஏராளமானோர் சேர்ந்து வழக்குப் போட்டு, சமரசத்தில் முடிந்தது. அதே கார் மேனுவல் கியரில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே கம்பெனி பெயரை மட்டும் பார்க்காதீர்கள். மாடல், வருடம், எஞ்சின், கியர்பாக்ஸ், நான்கையும் சேர்த்துத் தேடுங்கள்.

வண்டி பிடித்துவிட்டால், ஓட்டுநர் பக்கம் முன் கண்ணாடிக்குக் கீழே தெரியும் விஐஎன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட, அந்த வண்டிக்கு மட்டுமே உரிய அடையாளம் அது. என்ஹெச்டிஎஸ்ஏ தளத்தில் அதைப் போட்டால், சரிசெய்யாமல் விட்ட ரீகால் (குறையைச் சரிசெய்ய வண்டியைத் திரும்ப அழைப்பது) இருக்கிறதா என்று இலவசமாகத் தெரியும். ரீகால் வேலையை டீலர் பொதுவாகக் காசு வாங்காமல் செய்துகொடுப்பார். வண்டியின் பழைய வரலாற்றைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கையும் பாருங்கள், ஆனால் அதில் பதிவானது மட்டும்தான் வரும். தெரு முனை ஷெட்டில் கைக்காசு கொடுத்து டிங்கரிங் செய்த விபத்து அதில் வராமலே போகலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி பற்றி வியாசர்பாடிக்காரர்களுக்கும் பட்டாளத்துக்காரர்களுக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017இல் ஹார்வி புயலில் ஹூஸ்டன் பக்கம் லட்சக்கணக்கான வண்டிகள் நனைந்தன. அப்படி நனைந்த வண்டி கழுவித் துடைக்கப்பட்டு வேறு மாநிலத்தில் விற்பனைக்கு நிற்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை அங்கேதான் தங்கும். கால் மிதியைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பனி கொட்டும் மாநிலமென்றால் வண்டிக்கு அடியில் குனிந்து துருவைப் பாருங்கள். காசிமேட்டு உப்புக்காற்று நம் வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்பது போல, அங்கே சாலையில் போடும் உப்பு வண்டியின் அடிப்பாகத்தைத் தின்னும்.

கடைசியாக, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டுங்கள். நூறு இருநூறு டாலர் கேட்பார், கொடுங்கள். காட்ட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஓட்டம் மைலில் இருக்கும், மறந்துவிடாதீர்கள். 1,00,000 மைல் என்றால் நம் கணக்கில் சுமார் 1,60,000 கிலோமீட்டர். எனக்கு எழுதும்போது கார் பெயரோடு வருடம், மைல், விஐஎன் எண் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். சித்தப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.